சைலீன் மூன்றையும் பிரித்தறிய: பெட்ரோல் மாதிரியோடு எஃப்டிஐஆர் முன் உட்காருபவருக்கு ஒரு வழிகாட்டி

பெட்ரோலை எஃப்டிஐஆரில் (மாதிரி எந்தெந்த அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) வைத்தால் ஓரிரு நிமிடத்தில் ஸ்பெக்ட்ரம், அதாவது அந்த உறிஞ்சலின் வரைபடம், கைக்கு வந்துவிடும். அதில் எந்த பீக் (முகடு) எந்தப் பொருளுடையது என்று சொல்லத்தான் மாதக் கணக்கில் ஆகிறது. கோவை, ஈரோடு, நாமக்கல், சேலம் கல்லூரிகளில் எரிபொருள் பற்றி ப்ராஜெக்ட் எடுக்கும் மாணவர்களுக்கும், பெயிண்ட், தின்னர் பட்டறைகளுக்கு சால்வென்ட் சோதித்துக் கொடுக்கும் சிறு லேப்காரர்களுக்கும் அந்த மாதங்கள் மிச்சமாக வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

பெட்ரோல் ஒரு பொருளல்ல. 4 கார்பன் முதல் 12 கார்பன் வரையுள்ள சில நூறு ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றில் பல, ஒரே அணுக்களை வேறு வேறு விதமாக அடுக்கிய மாற்றியங்கள். ஆர்த்தோ சைலீன், மெட்டா சைலீன், பாரா சைலீன், எத்தில் பென்சீன் நான்கிலும் 8 கார்பன், 10 ஹைட்ரஜன்தான். மூலக்கூறு எடை ஒன்றே. கொதிநிலைகள்கூட 136 முதல் 144 டிகிரிக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. இந்த நால்வரைப் பிரிக்கத் தெரிந்துகொண்டால் மற்றவற்றுக்கும் அதே வழிதான். அதனால் இவர்களையே முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

"பெட்ரோலில் என்னென்ன இருக்கிறது" என்ற தலைப்போடு எந்தக் கருவியின் முன்னாலும் போகாதீர்கள். அதற்கு ஒரு ஸ்பெக்ட்ரம் பதில் சொல்லாது. பதில் கிடைக்கக்கூடிய கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். கடையில் வாங்கிய சைலீனில் மூன்று மாற்றியங்களும் என்ன விகிதத்தில் இருக்கின்றன? இந்த மாதிரியில் பென்சீன் 1 சதவீதத்துக்குள் இருக்கிறதா? (ஐஎஸ் 2796 தர அளவின்படி பிஎஸ்-6 பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதத்தையும் பென்சீன் வளையம் உள்ள மொத்த அரோமேட்டிக் பொருள்கள் 35 சதவீதத்தையும் தாண்டக்கூடாது.) கிளையில்லாத ஹெப்டேனா, கிளைவிட்ட ஐசோஆக்டேனா?

"எங்கள் ஊர் பங்க்கில் கலப்படம் நடக்கிறதா" என்பதை மாணவர் ப்ராஜெக்ட் ஆக்க வேண்டாம். அதற்கு 2005-ஆம் ஆண்டின் மோட்டார் ஸ்பிரிட், ஹைஸ்பீடு டீசல் ஆணைப்படி அதிகாரம் பெற்ற அலுவலர் மாதிரி எடுக்க வேண்டும், அரசு அங்கீகரித்த ஆய்வகம் சோதிக்க வேண்டும். உங்கள் ஸ்பெக்ட்ரம் அங்கே செல்லாது. ஒரு பங்க்கின் பெயர் மட்டும் வீணாகக் கெடும்.

2. ஸ்டாண்டர்டுகளை முதலில் வாங்குங்கள்

மாதிரி எடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. தனித்தனி ஸ்டாண்டர்டு (ஒப்பிடுவதற்கான தூய பொருள்) கையில் இல்லாமல், புத்தகத்தில் உள்ள அட்டவணையை வைத்து மட்டும் பீக்குக்குப் பெயர் வைத்தால் தவறு நிச்சயம்.

இங்கேதான் முதல் பொறி. "சைலீன்" என்று மட்டும் லேபிள் ஒட்டிய பாட்டில் தூய பொருள் அல்ல. அது மூன்று மாற்றியங்களின் கலவை. மெட்டாதான் அதில் பெரும்பங்கு, எத்தில் பென்சீனும் கணிசமாக இருக்கும். அதை ஸ்டாண்டர்டாக வைத்தால் கணக்கு முழுவதும் சாய்ந்துவிடும். ஆர்டர் எழுதும்போது ஆர்த்தோ, மெட்டா, பாரா என்று பிரித்து, ஒவ்வொன்றும் 99 சதவீதத் தூய்மை என்று எழுதுங்கள். கூடவே எத்தில் பென்சீன், டொலுயீன், கரைப்பானாக சைக்ளோஹெக்சேன். இருப்பதில் சிறிய பாட்டிலே போதும். மொத்த வேலைக்கும் ஒவ்வொன்றிலும் சில மில்லிதான் செலவாகும். கடையில் இருப்பு இல்லாவிட்டால் வந்து சேர வாரங்கள் ஆகலாம், ஆகவே செமஸ்டர் தொடங்கிய வாரமே இண்டென்ட் போட்டுவிடுங்கள்.

பாரா சைலீன் 13 டிகிரியில் உறைந்துவிடும், பென்சீன் 5.5 டிகிரியில். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த பாட்டிலில் பாதி உறைந்திருக்கும்போது பிப்பெட் விடாதீர்கள். முழுவதும் உருகட்டும், நன்றாகக் குலுக்கியபின் எடுங்கள். குளிர்ப்பெட்டியும் வீட்டு ஃபிரிட்ஜாக இருக்கக்கூடாது. அதன் உள்ளே தெர்மோஸ்டாட் விடும் சிறு பொறி போதும், ஆவி பற்றிக்கொள்ள.

3. மாதிரியும் காகிதங்களும்

பங்க்கில் பாட்டிலில் பெட்ரோல் கேட்டால் பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள். அவர்கள் தயங்குவது நியாயமானதே. துறைத்தலைவர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள கடிதம் ஒன்று தேவை. அதில் ப்ராஜெக்ட் தலைப்பு, எத்தனை மாதிரி, ஒவ்வொன்றும் எவ்வளவு மில்லி, எதில் எடுத்துச் செல்கிறீர்கள் என்ற நான்கும் இருக்கட்டும். கல்லூரி அடையாள அட்டையும் கையில் வேண்டும்.

பெட்ரோலியம் சட்டம் 1934-ன்படி, விற்பனைக்கு அல்லாமல் வைத்திருக்கும் ஏ வகுப்புப் பெட்ரோலியம் (பெட்ரோல் போல எளிதில் தீப்பற்றுவது) மொத்தம் 30 லிட்டருக்குள் இருந்தால் உரிமம் வேண்டியதில்லை. ஆனால் கண்ணாடிப் பாத்திரம் என்றால் 1 லிட்டர், உலோகம் என்றால் 25 லிட்டர் கொள்ளளவைத் தாண்டக்கூடாது, இறுக மூடியிருக்கவும் வேண்டும். உங்களுக்கு 100 மில்லி தாராளம்.

பாட்டில் பழுப்புக் கண்ணாடி, மூடிக்குள் டெஃப்லான் அட்டை. பிளாஸ்டிக் பாட்டிலும் ரப்பர் அடைப்பானும் அரோமேட்டிக்கை உறிஞ்சும். நீங்கள் அளக்கப்போவதே அதைத்தான். விளிம்புவரை நிரப்பாமல் பத்தில் ஒரு பங்கு இடம் விடுங்கள், வெயிலில் விரிவதற்கு. முந்தைய வண்டிக்கு வேறு ரகம் போயிருந்தால் குழாயில் அதன் மிச்சம் இருக்கும். ஒரு வண்டிக்கு நிரப்பிய பிறகு அதே ரகத்தில் எடுப்பது நல்லது. தேதி, நேரம், ரகம், வெப்பநிலை எல்லாவற்றையும் அங்கேயே லேபிளில் எழுதுங்கள்.

காலை வெயில் ஏறும் முன் எடுத்து, ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து, குளிர்ந்த நிலையிலேயே திறக்க வேண்டும். மதியம் 35 டிகிரியில் திறந்து மூடினால் லேசானவை முதலில் ஓடிவிடும், விகிதம் மாறிவிடும். பஸ்ஸிலும் ரயிலிலும் ஏற்றாதீர்கள். ரயிலில் தீப்பற்றும் பொருள் கொண்டுபோவது ரயில்வே சட்டம் 164-ஆம் பிரிவின்படி குற்றம், 3 ஆண்டுவரை சிறை உண்டு. சாதாரண கூரியரும் எடுக்காது.

4. எத்தனாலை முதலில் வெளியேற்றுங்கள்

இப்போது பங்க்கில் கிடைப்பது இ20. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். ஸ்பெக்ட்ரத்தில் அது 3350 பக்கம் அகன்றும், 1090, 1050, 880 செ.மீ⁻¹ பக்கம் வலுவாகவும் எழும். (இனி வரும் அலைஎண்கள், அதாவது ஸ்பெக்ட்ரத்தில் பீக்கின் இடத்தைக் குறிக்கும் எண்கள், எல்லாமே செ.மீ⁻¹.) அது மட்டுமென்றால் பொறுத்துக்கொள்ளலாம். எத்தனாலும் அதோடு வரும் ஈரமும் செல்லின் (திரவ மாதிரியை வைக்கும் மெல்லிய கூடு) உப்புக் கண்ணாடியைக் கரைத்துவிடும்.

பிரிபுனலில் 10 மில்லி பெட்ரோல், 10 மில்லி உப்பு நிறைந்த நீர். மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, ஒவ்வொரு முறையும் குழாயைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். இரண்டு முறை செய்யுங்கள். வெறும் நீரைவிட உப்பு நீர் நல்லது, பென்சீன் நீரோடு போவது குறையும். மேலே நிற்கும் ஹைட்ரோகார்பன் அடுக்கில் ஈரமற்ற சோடியம் சல்பேட் 1 கிராம் போட்டு, மூடி, பத்து நிமிடம் வையுங்கள்.

இந்த இடத்தில் அறிக்கைகள் அடிக்கடி தவறுகின்றன. எத்தனால் போனபின் 10 மில்லி 8 மில்லி ஆகிவிடும். அசல் பெட்ரோலில் 1 சதவீதம் இருந்த பென்சீன் இப்போது 1.25 சதவீதம் என்று காட்டும். அளந்த எண்ணை 0.8-ஆல் பெருக்கித்தான் எழுத வேண்டும். மீந்த அடுக்கின் கன அளவை உருளையில் அளந்து, உங்கள் மாதிரிக்கான சரியான எண்ணையே பயன்படுத்துங்கள்.

5. செல் தேர்வு: பாதி வேலை இங்கேதான்

சைலீன்களைப் பிரித்துக் காட்டும் பகுதி 650 முதல் 850 வரை. வளையத்தில் ஹைட்ரஜன்கள் தளத்துக்கு வெளியே ஆடும் அசைவு அங்கே வருகிறது. பக்கத்துப் பக்கத்தில் எத்தனை ஹைட்ரஜன் உள்ளது என்பதைப் பொறுத்து அதன் இடம் மாறும். அதனால் அந்தப் பகுதியில் ஒளியை விடும் விண்டோ (செல்லின் ஜன்னல் கண்ணாடி) வேண்டும். கால்சியம் ஃப்ளோரைடு 1100 பக்கத்திலேயே இருட்டாகிவிடும். நீருக்குத் தாங்கும் என்று அதை எடுத்தால் ஒன்றும் தெரியாது. சோடியம் குளோரைடு 650 பக்கம்வரை வரும், ஆனால் பென்சீனின் 674 அதன் ஓரத்தில் விழுந்து நடுங்கும். பொட்டாசியம் புரோமைடு 400 வரை தெளிவு. அளவு எடுக்க அதுவே சரி.

அதன் பலவீனம் ஈரம். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரத்தோடு வரும் மாதங்களில், மேசையில் வைத்துவிட்டு டீ குடித்து வருவதற்குள் விண்டோ பூத்துவிடும். வேலை முடிந்ததும் உலர்ந்த சைக்ளோஹெக்சேனால் மூன்று முறை கழுவி, உலர் காற்று அல்லது நைட்ரஜன் விட்டு, சிலிக்கா ஜெல் உள்ள டெசிக்கேட்டருக்குள் வையுங்கள். அசிட்டோனும் எத்தனாலும் வேண்டாம். லேப் தர அசிட்டோனில் நீர் இருக்கும்.

வைர ஏடிஆர் (வைரப் படிகத்தின் மேல் சொட்டை வைத்து அளக்கும் துணைக்கருவி) இருந்தால் ஆசை வரும். ஒரு சொட்டு போதும், செல் தொல்லை இல்லை. தூய ஸ்டாண்டர்டுகளை அடையாளம் பார்க்க அது நல்லதே. பெட்ரோலுக்கு எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒளி மாதிரிக்குள் போவது ஒன்றிரண்டு மைக்ரான்தான், ஆகவே 1 சதவீதப் பென்சீன் இரைச்சலில் மறையும். சொட்டும் ஸ்கேன் முடிவதற்குள் ஆவியாகும். ஏடிஆர்தான் இருக்கிறது என்றால் மேலே ஆவி மூடி வைத்து, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதுச் சொட்டு விடுங்கள். ஏடிஆர் பீக்குகள் சற்றுக் கீழே நகர்ந்தும், குறைந்த அலைஎண் பக்கம் உயர்ந்தும் தெரியும். ஊடுருவல் முறையில் எடுத்த நூலக ஸ்பெக்ட்ரத்தோடு நேராக ஒப்பிட வேண்டாம்.

செல்லின் இடைவெளி 0.1 மி.மீ. ஸ்பேசரில் (இரு விண்டோவுக்கும் நடுவிலுள்ள தகடு) எழுதியிருப்பதை நம்பாமல் நீங்களே அளந்துகொள்ளுங்கள். காலி செல்லை ஓட்டினால் அடித்தளம் அலையலையாக வரும். 2000-க்கும் 1000-க்கும் நடுவில் 20 அலை எண்ணினால், 20 ÷ (2 × 1000) = 0.01 செ.மீ, அதாவது 0.1 மி.மீ. அலையே வரவில்லை என்றால் விண்டோ மங்கிவிட்டது, பாலிஷ் போட வேண்டும்.

6. ஸ்கேன் எடுக்கும்போது

ரெசல்யூஷன் 2, ஸ்கேன் 32. திரையில் டிரான்ஸ்மிட்டன்ஸ் (ஊடுருவிய ஒளி) தெரிந்தால் உடனே அப்சார்பன்ஸுக்கு (உறிஞ்சல் அளவு) மாற்றுங்கள். கணக்கு அதில்தான் நேர்கோடாக வரும். பீக் உயரம் 0.2 முதல் 0.8-க்குள் இருக்கட்டும். சைக்ளோஹெக்சேனில் 1 முதல் 5 சதவீத சைலீன் கரைசல்கள் 0.1 மி.மீ செல்லில் இந்த அளவை ஒட்டி வரும். சைக்ளோஹெக்சேனுக்கு 903, 862-ல் பீக் உண்டு. நமக்கு வேண்டிய பகுதியில் அது குறுக்கே வராது.

பேக்கிரவுண்டை (மாதிரி இல்லாத ஓட்டம்) ஒவ்வொரு மாதிரிக்கும் முன் புதிதாக எடுங்கள். காற்றிலுள்ள கரியமில வாயு 667-ல் கூரான ஒரு பீக் விடும். பென்சீன் 674-ல். காலையில் எடுத்த பேக்கிரவுண்டை மாலைவரை வைத்திருந்தால், அறையில் ஐந்து பேர் மூச்சு விட்டதே பென்சீன் மாதிரி தெரியும். கருவிக்குள் நைட்ரஜன் ஓட்ட வசதி இருந்தால் பத்து நிமிடம் ஓட்டுங்கள். 2349 பக்கம் பாருங்கள், அங்கே மேலோ கீழோ பீக் இருந்தால் அந்த ஓட்டத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

7. பீக்குக்குப் பெயர் வைப்பது

திரவ நிலையில் வலுவான பீக்குகள் இவை:

பென்சீன்: 674
டொலுயீன்: 728, 694
எத்தில் பென்சீன்: 697, 746 பக்கம்
ஆர்த்தோ சைலீன்: 741
மெட்டா சைலீன்: 768, 691
பாரா சைலீன்: 795

பாரா தனியாக நிற்கிறது, அதைப் பிடிப்பது எளிது. திருப்பூரில் ஓடும் பாலியஸ்டர் நூலுக்கு மூலப்பொருளாகும் டெரிப்தாலிக் அமிலம் இதிலிருந்துதான் வருகிறது. மெட்டாவை 768-ல் பிடியுங்கள். 691-ல் பார்க்காதீர்கள், டொலுயீனும் எத்தில் பென்சீனும் அங்கேயே குவிகின்றன. மிகவும் ஏமாற்றுவது ஆர்த்தோ. அதன் 741-க்கு ஒரு பக்கம் டொலுயீன் 728, மறுபக்கம் எத்தில் பென்சீன் 746. பெட்ரோலில் டொலுயீன் பொதுவாக நிறையவே இருக்கும். 741-ன் உயரத்தை அப்படியே ஆர்த்தோ என்று எழுதினால் இருப்பதைவிடக் கூடுதலாக வரும்.

அதனால் ஒரு பீக், ஒரு பொருள் என்ற கணக்கு வேண்டாம். ஐந்து பொருள் என்றால் ஐந்து அலைஎண்ணாவது எடுங்கள். தூய ஸ்டாண்டர்டு ஒவ்வொன்றும் அந்த ஐந்து இடத்திலும் 1 சதவீதத்துக்கு எவ்வளவு அப்சார்பன்ஸ் தருகிறது என்று அட்டவணை போட்டால் 5 × 5 அணி கிடைக்கும். எக்செல்லில் அதன் நேர்மாறைக் கண்டு, மாதிரியின் ஐந்து உயரங்களோடு பெருக்கினால் ஐந்து அளவும் வரும். அளவு எதிர்மறையாக வந்தால் பூஜ்யம் என்று திருத்தாதீர்கள். கணக்கில் சேர்க்காத ஆறாவது பொருள் ஒன்று உள்ளே இருக்கிறது என்பதற்கு அதுவே அறிகுறி.

எண்ணை நம்பும் முன் இரண்டு சோதனை செய்யுங்கள். நண்பர் ஒருவர் உங்களிடம் சொல்லாமல் கலந்து வைத்த கலவையை அளந்து பாருங்கள். பிறகு, அளந்து முடித்த மாதிரி 10 மில்லியில் 0.1 மில்லி பாரா சைலீன் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். ஏறக்குறைய 1 சதவீதம் ஏற வேண்டும். ஏறாவிட்டால் பிழை அணியில் இருக்கும், அல்லது செல் கசிகிறது.

8. வளையமில்லாதவை

கிளைவிட்டதா இல்லையா என்பதை 1380 பக்கம் சொல்லும். ஹெப்டேனுக்கு 1378-ல் ஒற்றை பீக். ஐசோஆக்டேனில் ஒரே கார்பனில் மெத்தில்கள் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த குழு) கூடி நிற்பதால் அது இரண்டாகப் பிளந்து 1366 பக்கம் ஒன்று எழும். சைக்ளோஹெக்சேனில் மெத்திலே இல்லை, அந்த இடம் வெறுமை. ஆக்டேன் எண் அளவுகோலில் ஹெப்டேன் 0, ஐசோஆக்டேன் 100 என்பதால் இந்தப் பிளவுக்கு மதிப்பு உண்டு.

நீண்ட நேர்ச்சங்கிலிக்கு 722 பக்கம் சிறு பீக் வரும் என்று எல்லாப் பாடநூலிலும் இருக்கும். தூய ஹெப்டேனில் பாருங்கள், பெட்ரோலில் தேடாதீர்கள். டொலுயீனின் 728 அதை விழுங்கிவிடும்.

டீசலில் தனி மூலக்கூறைப் பிரிக்க எஃப்டிஐஆர் உதவாது. பயோடீசல் கலந்ததா என்பதை மட்டும் 1745-ல் வரும் எஸ்டர் பீக் தெளிவாகச் சொல்லும். சங்ககிரி, நாமக்கல் லாரி ஷெட்டுகளிலிருந்து யாராவது டீசல் கொண்டுவந்து "என்ன கலந்திருக்கிறது" என்று கேட்டால் இதற்கு மட்டும் உறுதி சொல்லுங்கள். மண்ணெண்ணெயின் மூலக்கூறுகள் டீசலிலும் இயல்பாகவே இருப்பவை என்பதால் அதற்கு உறுதி தர வேண்டாம்.

9. எஃப்டிஐஆர் திணறினால்

ஜிசி-எம்எஸ் (கலவையைக் குழாயில் பிரித்து, மூலக்கூறு எடையால் அடையாளம் காணும் கருவி) எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நினைப்பது பரவலான தவறு. மூன்று சைலீனும் மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் 91, 106 என்று ஒரே முகம் காட்டும். சாதாரண முனைவற்ற கேப்பிலரி குழாயில் மெட்டாவும் பாராவும் ஒன்றாகவே வெளிவரும். நூலகம் "பாரா சைலீன், 97 சதவீதப் பொருத்தம்" என்று சொல்வதை அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். மெட்டாவுக்கும் ஏறக்குறைய அதையேதான் சொல்லும். வேக்ஸ் வகைக் குழாய் கேளுங்கள், அல்லது குழாய்க்குப் பின் வெற்றிடப் புறஊதா டிடெக்டர் உள்ள கருவி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதில் இரண்டும் வேறு வடிவம் காட்டும்.

சால்வென்ட் கலவைக்கு மிக நேர்மையான பதில் கார்பன்-13 என்எம்ஆரில் (காந்தப்புலத்தில் கார்பன் அணுக்களை வேறுபடுத்திக் காட்டும் கருவி) கிடைக்கும். பீக்கை எண்ணினாலே போதும்: பாராவுக்கு 3, ஆர்த்தோவுக்கு 4, மெட்டாவுக்கு 5, எத்தில் பென்சீனுக்கு 6. மெத்தில் மட்டும் பார்த்தால் ஆர்த்தோ 19.7, பாரா 20.9, மெட்டா 21.3 பிபிஎம். அதற்குக் கரைப்பானான டியூட்டிரோ குளோரோஃபார்ம் ஒரு குழாய்க்கு 0.6 மில்லி செலவு. சாதாரண கார்பன்-13 ஓட்டத்தில் பீக்கின் உயரத்தை அளவாக எடுக்காதீர்கள். ஹைட்ரஜன் இல்லாத கார்பன் எப்போதும் குட்டையாகவே தெரியும்.

ராமன் கருவி (மாதிரி சிதறடிக்கும் லேசர் ஒளியை அளப்பது) கிடைத்தால் 1000 பக்கம் பாருங்கள். பென்சீன் 992, டொலுயீன் 1004, மெட்டா 999. ஆர்த்தோவும் பாராவும் அங்கே வராமல் 735, 829-ல் வரும். பங்க் பெட்ரோலின் சாயம் ஒளிர்ந்து எல்லாவற்றையும் மூடிவிடலாம்; 785 நானோமீட்டர் லேசர் கேளுங்கள், பச்சை லேசர் வேண்டாம்.

10. செலவு, நேரம், விண்ணப்பம்

எஃப்டிஐஆர் கல்லூரி மாணவருக்கு ஒரு ஸ்பெக்ட்ரத்துக்குச் சில நூறு ரூபாயில் முடியும். கார்பன்-13 அதைவிடக் கூடுதல், கருவி நேரம் அதிகம் எடுக்கிறது. மாணவர், வெளிக் கல்லூரி, தொழிற்சாலை என்று மூன்று விலை வைத்திருப்பார்கள். மேலே 18 சதவீத ஜிஎஸ்டி வரும். ஸ்டாண்டர்டு 5 பொருள், ஒவ்வொன்றும் 5 செறிவு என்றாலே 25 ஓட்டம். மாதிரியை மும்முறை ஓட்ட வேண்டும். இதைக் கணக்கிட்டால், ஓட்டத்துக்குப் பணம் கட்டுவதைவிட ஒரு முழுநாள் கருவி வாடகை கேட்பதே மலிவு. உங்கள் கல்லூரியில் இல்லாவிட்டால் ஆய்வுக் கருவிகளைப் பகிரும் ஐ-ஸ்டெம் இணையதளத்தில் பதிவு செய்து அருகில் எந்தக் கருவி இருக்கிறது என்று தேடலாம். என்எம்ஆருக்குச் சென்னை ஐஐடியின் சைஃப், கொச்சிப் பல்கலைக்கழக வளாகத்தின் எஸ்டிஐசி ஆகிய இரண்டு கருவி மையங்களும் கொங்குப் பகுதியினருக்கு எட்டும் தூரம்.

விண்ணப்பத்தோடு துறைத்தலைவர் கடிதம், பொருளின் பாதுகாப்புத் தரவுத் தாள், பில்லுக்கான கல்லூரி விவரம், எந்தப் பகுதி, எந்த ரெசல்யூஷன், எந்த விண்டோ வேண்டும் என்ற குறிப்பு, நான்கும் வையுங்கள். "ஆர்கானிக் திரவம்" என்று மழுப்பி எழுதாமல் "பெட்ரோல், தீப்பற்றும், 5 மில்லி" என்றே எழுதுங்கள். மறைத்தால் திருப்பி அனுப்புவார்கள், வரிசையில் உங்கள் இடமும் போகும். தேர்வு மாதங்களுக்கு முன் எல்லாத் துறையும் ஒரே சமயத்தில் வருவதால் வரிசை நீளும். முதல் இரண்டு மாதத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

11. கையும் கழிவும்

எல்லாக் கலவை வேலையும் ஃபியூம் ஹூடுக்குள். பென்சீன் புற்றுநோய் தருவது. அதை ஸ்டாண்டர்டாக வைக்கும் அவசியம் இருந்தால் ஆசிரியர் உடன் இருக்கட்டும். நைட்ரைல் கையுறை சைலீனைச் சில நிமிடங்களே தடுக்கும். ஒரு சொட்டு பட்டாலும் உடனே மாற்றுங்கள்.

கழுவிய சைக்ளோஹெக்சேன், மீந்த பெட்ரோல், பிரிபுனலில் இறங்கிய உப்பு நீர் எதையும் தொட்டியில் ஊற்றாதீர்கள். கோவைச் சாக்கடையின் வழி நொய்யலுக்கே போகிறது. "ஹாலோஜன் இல்லாத கழிவு" என்று எழுதிய உலோகக் கேனில் சேருங்கள், உப்பு நீருக்குத் தனி கேன். டியூட்டிரோ குளோரோஃபார்ம் குழாயைக் கழுவியது முதல் கேனுக்குள் போகக்கூடாது. அது ஹாலோஜன் கேனுக்கு. கேன் முக்கால் நிறைந்ததும் கல்லூரி ஒப்பந்தம் வைத்திருக்கும் அபாயக் கழிவு எடுப்பவருக்கு எழுதிக் கொடுத்து, ஒப்படைத்த ரசீதை ப்ராஜெக்ட் கோப்பில் வையுங்கள்.